கோடியக்கரைக்கு ஒரு டிக்கெட்: பாரம்பரியம், வனவுயிர், நாட்டு மரம் மூன்றையும் ஒன்றாகப் படிக்கும் வழி

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாற்காலி கிடைப்பது அரிது. போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நாலரை மணிக்கே வந்து துண்டு போட்டுவிடுவார்கள். நானும் சில வருடங்கள் அப்படித் துண்டு போட்டவன்தான். இப்போது, சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். சிவப்பு மையில் யுனெஸ்கோ சின்னங்கள், பச்சை மையில் சரணாலயங்கள், நீல மையில் மாநில மரங்கள். ஒவ்வொரு பட்டியலும் வரிசை எண்ணோடு, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தடங்கலில்லாமல் ஒப்பித்தாள்.

“வேதாரண்யம் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது?” என்று கேட்டேன்.

“உப்புச் சத்தியாகிரகம். 1930. ராஜாஜி.”

“வேறு?”

“அவ்வளவுதான் அண்ணா.”

அவளுடைய பச்சை மைப் பக்கத்தில் கோடியக்கரை இருந்தது. வேதாரண்யத்திலிருந்து அது பத்துப் பதினோரு கிலோமீட்டர். இரண்டு பெயர்களும் அவள் நோட்டில் நாற்பது பக்க இடைவெளியில் இருந்தன. நடுவில் ஒரு டவுன் பஸ் ஓடுகிறது என்பது அந்த நோட்டுக்குத் தெரியவில்லை.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பாடத்திட்டத்தில் பாரம்பரியம் வரலாற்றின் கீழ் வருகிறது, வனவுயிர் புவியியலின் கீழ், மரங்கள் தாவரவியலின் கீழ். நாமும் மூன்று நோட்டு போட்டுவிடுகிறோம். நிலத்தில் இவை மூன்றும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. ஆகவே தலைப்பு வாரியாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஊர் வாரியாகப் படிக்கச் சொல்வேன். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஊருக்கு ஒரு பக்கம்

புது நோட்டு ஒன்று வாங்குங்கள். விரித்தால் தெரியும் இரண்டு பக்கமும் ஒரே ஊருக்கு. இடது பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதவேண்டும். அங்கே பழையது என்ன இருக்கிறது? அங்கே வாழும் உயிர் எது? நிற்கும் மரம் எது? அந்த இடத்துக்குக் கிடைத்த பட்டத்தை யார், எந்தச் சட்டத்தின்படி, எந்த ஆண்டு கொடுத்தார்கள்? வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். செய்தித்தாளில் அந்த ஊர் வரும்போதெல்லாம் அங்கே தேதியோடு ஒரு வரி சேரும்.

முதல் ஊராகக் கோடியக்கரையை எடுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நிதானமாகப் பார்க்கப்போகிறோம். ஓர் ஊரை ஒழுங்காகப் போட்டுப் பழகிவிட்டால் மற்றவை தானாக வரும்.

கோடி என்றால் முனை. வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கிவரும் கரை மேற்கே திரும்பிப் பாக் நீரிணையைப் பார்க்கிற மூலை அது. 1967இல் வெளிமானுக்காக இது சரணாலயமாக்கப்பட்டது. சங்க நூல்களில் இரலை, புல்வாய் என்று வருவதும் இந்த இனத்தைத்தான் என்பார்கள். ஆணுக்கு மட்டுமே முறுக்குக் கொம்பு. வயது ஏற ஏற முதுகு கறுத்துக்கொண்டே போகும், வயிறு வெள்ளையாகவே இருக்கும். பெண்ணும் குட்டியும் மணல் நிறம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ‘மான்’ என்று தமிழில் சொல்லிவிட்டாலும், புள்ளிமானும் வெளிமானும் ஒரே குடும்பம் அல்ல. புள்ளிமானின் கொம்பு கிளை விடும்; விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளை விடாது, விழாது. அது ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொருத்துக வகைக் கேள்விகளில் இதைக் கொண்டு குழப்புவது எளிது.

அடுத்த குழி இன்னும் ஆழமானது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது உச்சப் பாதுகாப்பு. ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அழிவு அபாயம் மிகக் குறைந்த பிரிவில் இருக்கிறது. இரண்டும் உண்மை. சிவப்புப் பட்டியல் உலக அளவில் ஓர் இனம் அற்றுப்போகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. அதற்குச் சட்ட வலு கிடையாது. அட்டவணை என்பது நம் நாட்டுச் சட்டம், வேட்டையாடினால் சிறை. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது. வெளிமான் ஆந்திரம், பஞ்சாப், ஹரியாணா ஆகிய மூன்றின் மாநில விலங்கு என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2002இல் இந்தச் சரணாலயம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் உப்பளச் சதுப்பும், முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காடும் இந்த வளாகத்தைச் சேர்ந்தவையே. சதுப்பு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே காடும் இருக்கிறது. பாடப்புத்தகம் ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் அரிய வகை அது. பெரும்பான்மையாக நிற்பது பாலை மரம். ஐந்திணையில் வரும் வறண்ட நிலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பால் வடியும், மஞ்சள் நிறத்தில் சிறு பழம் பழுக்கும் மரம். பருவத்தில் பாலைப்பழம் தின்றவர்களுக்கு உதட்டில் ஒட்டும் பிசுக்கு மறக்காது.

இந்த இடத்துக்கு ஆபத்து எது? சீமைக் கருவேலம். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் நுழைந்து புதராக மூடுகிறது. அங்கே காட்டுத்தனமாகத் திரியும் குதிரைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் யாரோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள். அவை புல்லில் பங்கு கேட்பதோடு, கருவேலங்காயைத் தின்று சாணத்தோடு விதையையும் பரப்பிவிடுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியதும் இந்தப் பகுதியில்தான். மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன.

இனி பஸ் ஏறி வேதாரண்யம் வாருங்கள். இதன் பழைய பெயர் திருமறைக்காடு. மறை, காடு என்பதை அப்படியே வடமொழியாக்கினால் வேதம், ஆரண்யம். கோயிலின் தலமரம் வன்னி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் வந்து சேர்ந்தது இந்த ஊருக்கு. உப்பு அள்ளிய நினைவுத் தூண் அகஸ்தியம்பள்ளியில் நிற்கிறது. பக்கத்திலேயே இன்றும் உப்பளங்கள். அந்த உப்பு நீர்ப்பரப்புதான் பூநாரையையும் வரவழைக்கிறது. அந்த மாணவியின் நோட்டில் நாற்பது பக்கம் தள்ளி இருந்த இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன.

வன்னி மரத்தை விடாதீர்கள். அது ராஜஸ்தான்வரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே அதன் பெயர் கேஜ்ரி. 1730இல் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் கேஜர்லி ஊரில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி உட்பட பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டதாக வரலாறு. அந்த நினைவில்தான் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் தினம். மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டுவதைத் தடுத்த, 1973இல் இமயமலைப் பகுதியில் தொடங்கிய சிப்கோ இயக்கத்தைப் பேசும்போதெல்லாம் கேஜர்லியையும் சேர்த்துச் சொல்வார்கள். வெளிமானைத் தங்கள் பிள்ளைபோலக் காக்கிறவர்களும் அதே பிஷ்னோய் மக்கள்தான். ஆக, வன்னியும் வெளிமானும் தார்ப் பாலைவனத்து ஓரத்திலும் ஜோடி, கோடியக்கரைப் பக்கத்திலும் ஜோடி. கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரம். ஜம்மி என்ற பெயரில் அதுவே தெலங்கானாவுக்கும் மாநில மரம். ஓர் ஊரைத் திறந்தால் இவ்வளவு கொட்டுகிறது.

இரண்டாம் வேலை: பட்டம் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்

ஓர் இடத்துக்கு நான்கைந்து பட்டம் இருக்கலாம். எந்தப் பட்டம் எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும்.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்பது யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிறந்தது. இந்தியா அதை 1977இல் ஏற்றது. 1983இல் அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால் நான்கும் முதலில் சேர்ந்தன. நம் மாநிலத்துக்கு 1984இல் மாமல்லபுரம், 1987இல் தஞ்சைப் பெரிய கோயில். 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் தஞ்சையோடு சேர்க்கப்பட்டன. மூன்று கோயில், ஆனால் பட்டியலில் ஒரே சின்னம். 2005இல் வந்த நீலகிரி மலை ரயில் தனி எண் அல்ல, டார்ஜிலிங் ரயிலோடு ஒட்டிக்கொண்டது. 2012இல் வந்த மேற்குத் தொடர்ச்சி மலை நான்கு மாநிலங்களில் 39 துண்டுகள். 2025இல் வந்த செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் உள்ள 12 கோட்டைகளில் ஒன்று. மற்ற 11 மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் எத்தனை சின்னங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் விரல் விட்டு எண்ணித் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

நாட்டுக்குள், மத்தியத் தொல்லியல் துறை 1861இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் காலத்தில் தொடங்கியது. அது காக்கும் சின்னங்களுக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டுச் சட்டம். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும். நம் மாநிலத் தொல்லியல் துறை வேறு, 1961இல் தொடங்கியது. கீழடியில் முதலில் தோண்டியது மத்தியத் துறை, பிறகு தொடர்ந்தது மாநிலத் துறை என்பதை இந்த வேறுபாட்டோடு சேர்த்து வைத்தால் மறக்காது.

தேசியப் பூங்கா, சரணாலயம் இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிள்ளைகள். புலிகள் திட்டம் 1973 ஏப்ரல் 1 அன்று ஒன்பது காப்பகங்களோடு தொடங்கினாலும், புலிகள் காப்பகம் என்பதற்குச் சட்டத்தில் தனி இடம் கிடைத்தது 2006 திருத்தத்தில்தான். தமிழ்நாட்டில் ஐந்து: களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் மேகமலை. முதலாவது களக்காடு, 1988; கடைசி மேகமலை, 2021. உயிர்க்கோளக் காப்பகத்துக்குத் தனிச் சட்டமே கிடையாது, அது ஒரு திட்டம். 1986இல் நீலகிரி நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமானது. யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் அது நுழைந்தது 2000இல். இந்த 1986, 2000 இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பது பழைய தந்திரம். ராம்சர் உடன்படிக்கை 1971இல் ஈரானில் கையெழுத்தானது; இந்தியா சேர்ந்தது 1982இல்.

1972 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? யுனெஸ்கோ உடன்படிக்கை, வனவுயிர்ச் சட்டம், ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாடு மூன்றும் அதே ஆண்டு. பிறகு 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம்: சுற்றுச்சூழலைக் காக்க அரசுக்குச் சொல்லும் 48அ, குடிமக்களுக்குச் சொல்லும் 51அ பிரிவுகள் வந்தன, காடும் வனவுயிரும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்ந்தன. நினைவுச்சின்னங்களைப் பற்றிய 49ஆவது பிரிவு மட்டும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஒருபுறம் உலக மாநாடு, மறுபுறம் நம் சட்டம் என்று அந்த நான்கைந்து ஆண்டுகளை ஒரே மூச்சில் படித்தால், ஏன் இவ்வளவும் அடுத்தடுத்து வந்தன என்பது விளங்கும்.

மூன்றாம் வேலை: மரத்துக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வாருங்கள்

இந்தப் பகுதியைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

முள்மரம் மூன்றைப் பிரித்தறியப் பழகுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். ஊர் எல்லையில் பேருந்து நிறுத்தம் தாண்டி நடந்தால் கட்டாயம் கண்ணில் படுவது சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். ஒரு கிளையைக் கவனமாகப் பிடித்து, இலை கிளம்பும் கணுவைப் பாருங்கள். அந்தக் கணுவிலேயே முள் இரண்டிரண்டாக நிற்கும். பூ இளம் மஞ்சளாக, நீளமான கதிர். காய் வைக்கோல் நிறத்தில் தட்டையாக, மாடு விரும்பித் தின்கிறபடி இனிப்பாக இருக்கும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

நாட்டுக் கருவேலத்துக்கும் முள் ஜோடியாகத்தான் இருக்கும். வெள்ளையாக, நேராக, நீளமாக. ஆகவே முள்ளை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பூவைப் பாருங்கள்: கதிராக இல்லாமல் மஞ்சள் பஞ்சு உருண்டையாக இருக்கும். காயைப் பாருங்கள்: விதைக்கு விதை இடுக்கி, பாசிமணி கோத்தது மாதிரி இருக்கும். கண்மாய்க் கரைகளிலும் உள்வாய்களிலும் பறவைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் இதில்தான்.

மூன்றாவது வன்னி. முள் சிறியது, அடி அகன்று நுனி கூர்ந்தது. அது கணுவில் நிற்காமல் இரண்டு கணுக்களுக்கு நடுவில், தண்டின்மேல் அங்குமிங்குமாக நிற்கும். பூ கதிராக இருப்பதால் சீமைக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டையும் வெகுகாலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள் என்பதால் குழப்பத்தில் வியப்பும் இல்லை. ஒரு பங்காளிக்குக் கோயிலில் பூசை, விஜயதசமி அன்று அம்பு போடும் மரியாதை, மற்றவனை ஜே.சி.பி. வைத்துப் பிடுங்குகிறோம்.

‘கோயிலில் நிற்கிறது, ஆகவே நாட்டு மரம்’ என்ற கணக்கும் எப்போதும் சரிவராது. நாகலிங்க மரத்தை நான் வெகுநாள் நாட்டு மரம் என்றே எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் அதன் பூவைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பூவுக்குள் லிங்கமும் படமும் தெரிகிறதே, வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்? தென் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. தூங்குமூஞ்சி மரமும் கொடுக்காப்புளியும் அமெரிக்கக் கண்டத்தவை. முந்திரி பிரேசிலைச் சேர்ந்தது. குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து. நம் குழம்புக்கு ஆதாரமான புளியே ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்தது. இதில் ஒரு வேடிக்கை: 2007இல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது பெங்களூரு பக்கத்து நல்லூர்ப் புளியந்தோப்பு.

வந்தவை எல்லாம் கெட்டவை என்று எழுதிவிடாதீர்கள். அயல் இனம் வேறு, ஆக்கிரமிப்பு இனம் வேறு. குல்மோஹர் தெருவோரத்தில் நட்ட இடத்தில் நிற்கிறது, யாரையும் விரட்டவில்லை. சீமைக் கருவேலமும், முதுமலைக் காட்டுத் தரையை மூடும் உண்ணிச்செடியும் மற்ற செடிகளை வளரவிடாமல் பரவுகின்றன. அதனால் அவை இரண்டாம் வகை.

நாட்டு மரங்களை நினைவில் வைக்கத் தலமரங்களைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்நாவல், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவண்ணாமலைக்கு மகிழம், திருநெல்வேலிக்கு மூங்கில், குற்றாலத்துக்குக் குறும்பலா. சிதம்பரத்துக்குத் தில்லை. இந்தத் தில்லை அலையாத்தி இனத்தைச் சேர்ந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்று தில்லையைக் காட்டில் பார்க்கப் பிச்சாவரம் போகவேண்டும். பிச்சாவரம் 2022இல் ராம்சர் தலமானது. பாருங்கள், தில்லையைத் தொட்டால் நடராசர் கோயிலும் சதுப்பு நிலமும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள்: ஆலங்குடி, புன்னைநல்லூர், இலுப்பூர், பனையூர். மரம் போன பிறகும் பெயர் நிற்கிறது.

தமிழ்ப் பகுதிக்கும் இதே படிப்பு உதவும். குறிஞ்சி, முல்லை, மருதம் எல்லாம் செடிகொடி மரங்களின் பெயர்கள்தானே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. தாய் சொன்னபடி புன்னை மரத்தைத் தன் தங்கையாக நினைத்து, அதன் நிழலில் காதலனோடு பேச வெட்கப்படும் தலைவி நற்றிணையில் வருகிறாள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, 2018இல் பூத்தது.

மாநிலச் சின்னங்களுக்கு அதிக நேரம் வேண்டாம்: வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை, பலா, தமிழ் மறவன் பட்டாம்பூச்சி. வரையாட்டுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: தனித் திட்டம் 2023இல் தொடங்கியது, வரையாடு தினம் அக்டோபர் 7.

நான்காம் வேலை: எண்ணுக்குப் பக்கத்தில் தேதி

நான் பாதி விலைக்கு வாங்கிய ஒரு பழைய கையேட்டில் வனவுயிர்ச் சட்டத்துக்கு ஆறு அட்டவணைகள் என்று இருந்தது. அச்சடித்த காலத்தில் அது சரி. 2022 திருத்தம் ஆறை நான்காக்கி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. மாதிரித் தேர்வில் நான் ஆறு என்று தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரோடு வாதம் வேறு செய்தேன். ஒன்றரை மதிப்பெண்ணோடு மானமும் போயிற்று. இப்போது முதல் இரண்டு விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்ஸ் இனங்களுக்கு. காகம், எலி போன்றவற்றைத் தீங்குயிர் என்று வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணை எடுக்கப்பட்டுவிட்டது. தேவைப்பட்டால் மத்திய அரசு தனியே அறிவிக்கலாம்.

ஆகவே மாறக்கூடிய எண்ணைத் தேதி இல்லாமல் எழுதாதீர்கள். இந்தியாவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் 44, 2025 ஜூலை. அதில் பண்பாட்டுச் சின்னம் 36, இயற்கைச் சின்னம் 7, இரண்டும் கலந்தது கஞ்சன்ஜங்கா ஒன்று மட்டும். புலிகள் 3,682, 2022 கணக்கெடுப்பு. 2006இல் அது 1,411. அதே 2022இல் தமிழ்நாட்டில் 306. தமிழ்நாட்டு ராம்சர் தலங்கள் 20, 2025; நாட்டிலேயே அதிகம். காடும் மரப் பரப்பும் சேர்ந்து நாட்டு நிலப்பரப்பில் 25.17 விழுக்காடு, 2023ஆம் ஆண்டு அறிக்கை. 1988 தேசிய வனக் கொள்கை கேட்பது 33. எண்களைப் பென்சிலால் எழுதுங்கள், தேதியைப் பேனாவால்.

பாடப்புத்தகத்துக்கும் இதே விதிதான். ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் புத்தகங்களே அடித்தளம், அதில் சந்தேகமில்லை. கருத்தை அங்கிருந்து எடுங்கள், எண்ணிக்கையை நாளிதழிலிருந்து சரிபாருங்கள்.

ஐந்தாம் வேலை: இரண்டாவது ஊரை நீங்களே போடுங்கள்

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஏழு குன்றுகள். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. பக்கத்து மீனாட்சிபுரத்து மலையில் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டுகள். 1882இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்தவை. பாறைகளில் வல்லூறுகள், அடியில் தேவாங்கும், எறும்புதின்னியான அழுங்கும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சட்டம்: 2002 பல்லுயிர்ச் சட்டம். அந்தச் சட்டத்தின் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. வலது பக்கத்துக்கு: இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர்கள் திரண்டன, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மூன்றாவது ஊர் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கட்டும். செங்கல்பட்டுக்காரருக்கு வேடந்தாங்கல்: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்று அறிந்த ஊரார், சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பறவையைக் காத்தார்கள். சிவகங்கைக்காரருக்கு வேட்டங்குடி: கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கரூர், திண்டுக்கல்காரருக்குக் கடவூர்: நாட்டின் முதல் தேவாங்குச் சரணாலயம், 2022. புதுக்கோட்டை, தஞ்சைக் கடலோரத்தாருக்குப் பாக் விரிகுடா: முதல் கடற்பசு பாதுகாப்பகம், அதுவும் 2022. வாரம் ஓர் ஊர் போதும். இருபது ஊர் சேர்வதற்குள் பட்டியல்களில் முக்கால்வாசி வந்துவிடும்.

ஊர்ப் பக்கம் எழுதி முடித்ததும், அதிலிருந்து நீங்களே ஒரு கேள்வி தயாரிக்கவேண்டும். கூற்று காரணம் வகையில் ஒன்று பாருங்கள். கூற்று: வெளிமான் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. காரணம்: அது சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனம். மேலே சொன்னதைப் படித்தவருக்கு, கூற்று சரி, காரணம் தவறு என்று தெரியும். கேள்வி தயாரிக்கத் தெரிந்தவரைக் கேள்வித்தாள் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

கோடியக்கரைக்கு நேரில் போக முடிந்தால் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள், அதிகாலையில். வேதாரண்யத்திலிருந்து பஸ் உண்டு. வனத்துறை அனுமதியும் நுழைவுச் சீட்டும் வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். முடியாதவர்களுக்கு ஊர் எல்லைக் கருவேலங்காடு இருக்கவே இருக்கிறது.

போன வாரம் அந்த மாணவி மறுபடி வந்தாள். கையில் தீப்பெட்டி. திறந்தால் விரல் நீளத்துக்கு ஒரு கிளைத் துண்டு, இலை வாடியிருந்தது. “எங்கள் ஊர் அம்மன் கோயில் பின்னாலிருந்து ஒடித்தேன் அண்ணா. பூசாரித் தாத்தா வன்னி என்கிறார். அப்பா வேலிக்காத்தான் என்கிறார். வீட்டில் சண்டை.” மேஜை விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தோம். கணுவில் முள் இல்லை. இரண்டு கணுக்களுக்கும் நடுவில், தண்டின்மேல், அடி அகன்ற குட்டி முள் ஒன்று தனியாக நின்றது. அவள் தீப்பெட்டியை மூடிவிட்டு நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தின் தலையில் தன் ஊர்ப் பெயரை எழுதினாள்.